கைப்பச்சை பிறந்த கதை

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எண்பது வயதைத் தொட்ட பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்களுக்கு மேலே, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, அவர்கள் தோலில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு கோலம் மங்கிக் கிடக்கும். ஐந்து புள்ளிகளைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. ஒரு தேள். ஒரு பூ. சிலருக்கு எழுத்து: சின்ன வயதில் செத்துப்போன அண்ணன் பெயர், தாயின் பெயர். அதே லயத்தில் பிறந்த பேரன் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ இன்டர்வியூவுக்குப் போகிறபோது, கையில் பச்சை இருந்தால், வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டையைப் போட்டு மணிக்கட்டுப் பட்டனையும் பூட்டிக்கொண்டு போகிறான். பாட்டிக்கு நகையாக இருந்தது பேரனுக்குக் குறையாகிப்போன கதை இது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை. அதில் தேயிலை இருக்கிறது, கப்பல் இருக்கிறது, பொலிஸ் பதிவேடும் இருக்கிறது.

பச்சை குத்துவதற்கான மையைக் குறவர் பெண்களான குறத்திகளே தயாரித்துக்கொள்வார்கள். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, எண்ணெய் விளக்கில் போட்டு எரிப்பார்கள். விளக்கின் மேல் கவிழ்த்த புதுச் சட்டியில் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை. மூன்று நான்கு ஊசிகளைச் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். முதலில் குறத்தி ஒரு குச்சியை மையில் தொட்டுக் கோலத்தைத் தோலில் வரைவாள். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே ஊசிக் கற்றை தத்தித் தத்திப் போகும். ரத்தம் துளிர்க்கும். பிள்ளை கையை இழுத்துக்கொள்ளாமலிருக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாள். முடிந்ததும் வெந்நீரில் கழுவி, வீங்காமலிருக்க மஞ்சள் தூளை அப்புவாள். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்து அடியில் நிறம் தெரியும். கரி கறுப்புத்தான். ஆனாலும் தோலின் அடுக்குகளுக்குள் புகுந்து திரும்பும் வெளிச்சத்தில் அது நீலப் பச்சையாகத் தெரியும்.

சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் 1906-இலும் 1909-இலும் வெளியிட்ட நூல்களில் தென்னிந்தியாவின் பச்சை குத்தும் வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். ஊர் ஊராகச் சுற்றிய குறவர் பெண்களே இந்தத் தொழிலின் வல்லுநர்கள் என்பதும், புள்ளிக்கு ஒரு விலை, பெரிய கோலத்துக்கு ஒரு விலை என்று கூலி வாங்கினார்கள் என்பதும் அவர் பதிவில் இருக்கிறது. வழக்கமோ அதைவிடப் பல்லாயிரம் ஆண்டு பழையது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து எடுத்த ஏட்சி என்ற மனிதனின் உடல் சுமார் 5300 வருஷம் பழையது. அவன் தோலில் 61 குறிகள் இருக்கின்றன. அவற்றிலும் இருப்பது கரிதான்.

அந்தக் கரி ஏன் போவதில்லை என்பதற்கு உடம்பே ஒரு காரணம் வைத்திருக்கிறது. ஊசி தோலின் இரண்டாம் அடுக்கில் மையை விட்டதும், அந்நியப் பொருளை விழுங்க வரும் செல்கள் அதை விழுங்கிவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்தச் செல் செத்தால் மை கொஞ்சம் வெளியே வரும். பக்கத்தில் வந்து நிற்கும் இன்னொரு செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்ளும். பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலியின் தோலில் இதைக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகச் செல்கள் கைமாற்றிக் காப்பாற்றுவதால்தான், ஏழு வயதில் குத்திய கோலம் எண்பது வயதில் கோடு தடித்தாலும் அழியாமல் இருக்கிறது.

எங்கள் அப்பாயியிடம் எதற்காகக் குத்திக்கொண்டீர்கள் என்று கேட்டால் அவர் யோசிக்க மாட்டார். "செத்தா தாலியக் கழட்டிருவாங்க, தோட்டக் கழட்டிருவாங்க, மூக்குத்தியையும் விட மாட்டாங்க. இத எவன் கழட்டுவான்?" தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் கிழவிகள் இதையேதான் சொல்வார்கள். பொன் வாங்க வழியில்லாத வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த நகை அது. அடகு வைக்க முடியாது, திருடு போகாது. கழுத்து நகையைக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் இந்த நகையோடு வந்து இறங்கினார்கள்.

வந்த பாதையும் இந்தக் கதையில் சேர வேண்டும். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மலை வரை கால்நடையாக வந்தார்கள். 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்து, பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி அழிய, மலை முழுக்கத் தேயிலையானது. ரயில் 1885-இல் நானு ஓயாவுக்கும், 1894-இல் பண்டாரவளைக்கும், 1924-இல்தான் பதுளைக்கும் வந்தது. அதுவரை ஊவாவுக்கு வந்தவர்களுக்கு மற்ற மாவட்டங்களுக்குப் போனவர்களைவிட நடை கூடுதல். தாமஸ் லிப்டன் 1890-இல் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்னையை வாங்கிய காலத்தில், அந்த மலையேறிய பெண்கள் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தே ஏறினார்கள்.

1904-இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் திருச்சிராப்பள்ளியில் ஒரு அலுவலகம் திறந்தார்கள். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து புறப்பட்ட ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் கோத்த ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதில் மாவட்டத்துக்கும் தோட்டத்துக்கும் உரிய எழுத்தும் எண்ணும் அடித்திருக்கும். ஆளின் பெயர் இருக்காது. வழிச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும் என்பதை அந்தத் தகரம் சொல்லும். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, மண்டபம் முகாமில் நிறுத்திக் குளிப்பாட்டி, உடம்பைப் பரிசோதித்து, அம்மைப் பால் குத்தி அனுப்பினார்கள்.

எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை. முகாம் வரிசையில் நிற்கிற ஒரு பெண்ணின் கழுத்தில் தகரம், கையில் பச்சை. தகரத்தில் தோட்டத்தின் எண் இருக்கிறது. கையில் அவள் தாய் சொல்லிக் குத்திய கோலமோ, அவள் கூடப் பிறந்தவன் பெயரோ இருக்கிறது. மலைக்கு வந்து சேர்ந்ததும் தகரம் தோட்டத்து ஆபீசுக்குப் போய்விடும். பிறகு செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயர் ஏறும்; கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, விழும். எப்படியும் அந்தப் பெயரை எழுதுவதும் அடிப்பதும் கணக்கப்பிள்ளையின் பேனா. வேறு எந்த ஏட்டிலும் தன் பெயரைத் தன் விருப்பப்படி எழுதிவைக்க இடமில்லாத ஒரு மக்கள் கூட்டம், இருக்கிற ஒரே சொந்த இடத்தில், தன் தோலில் எழுதிக்கொண்டது. கைப்பச்சையை நான் அலங்காரம் என்று மட்டும் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

ஆனால் அந்தத் தோலை வேறொரு கண்ணும் வாசித்துக்கொண்டிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பனி காலத்தில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். தப்பி ஓடினால் பிடிக்க வசதி. 1849-இல் அதை ஒழித்தார்கள். குத்துவதை நிறுத்தினார்களே தவிர, உடம்பில் குறி தேடுவதை நிறுத்தவில்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர். கடைசிப் பக்கமாக ஒரு பத்தி: அங்க அடையாளம். தழும்பு, மச்சம், பச்சை எல்லாம் அதில் பதிவாகும். இலங்கைக்கு வந்தவர்கள் ஒப்பந்தத்தில் வரவில்லை, ஆள் கூட்டிவந்த கங்காணியின் கடனில் வந்தார்கள். அதனால் அங்கே பட்டியல், இங்கே தகரமும் கடன் துண்டுச் சீட்டும். வேலை ஒன்றுதான்: ஓடினால் பிடிப்பது.

1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, குறவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் பட்டியலில் சேர்த்தது. பச்சை குத்துகிற பெண் ஊர் விட்டு ஊர் போகப் பொலிசிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய நிலைமை. இதற்கிடையில் 1876-இல் இத்தாலியில் செசாரே லொம்ப்ரோசோ என்ற மருத்துவர், உடம்பில் பச்சை இருப்பது குற்றவாளியின் அடையாளங்களில் ஒன்று என்று புத்தகம் எழுதி, ஐரோப்பா முழுக்க அது பாடமானது. குத்தியவளும் சந்தேகத்துக்கு உரியவள், குத்திக்கொண்டவளும் சந்தேகத்துக்கு உரியவள். அதே ஐரோப்பாவில் பின்னால் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர் 1862-இல் ஜெருசலேமில் கையில் சிலுவை குத்திக்கொண்டார். அவர் மகன், ஐந்தாம் ஜோர்ஜ் ஆனவர், 1881-இல் ஜப்பானில் டிராகன் குத்திக்கொண்டார். அரச குடும்பத்தின் கையை யாரும் பதிவேட்டில் ஏற்றவில்லை. ஆபீஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எதிரில் நிற்பவனின் கையை மேலும் கீழும் பார்க்கிற அந்தப் பார்வை இங்கேதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். காலனி ஆட்சி போன பிறகும் மேசை போகவில்லை.

காதுக்கும் இதே போல ஒரு கதை உண்டு. பழைய தோட்டப் படங்களில் பெரிய கங்காணிமார் நிற்கும் தோரணையைப் பாருங்கள். தலைப்பாகை, கோட்டு, கைத்தடி, இரண்டு காதிலும் கல் வைத்த கடுக்கன். கடுக்கன் அப்போது உத்தியோகத்தின் அடையாளம். முன்னூறு ஆளைக் கூட்டிவந்து வேலை வாங்குகிறவன் என்பதைக் காதில் மின்னுகிற கல்லே சொல்லும். துரை முன்னால் அவர் அதைக் கழற்றியதில்லை. கழற்றினால்தான் மரியாதை குறைந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு அவருடைய கொள்ளுப்பேரன் ஒற்றைக் காதில் சின்னத் தோடு போட்டிருந்தால், இன்டர்வியூவுக்கு முந்தின இரவு அதைக் கழற்றித் தீப்பெட்டிக்குள் வைக்கிறான். துளையை மறைக்கக் கொஞ்சம் பவுடர். பெண்களின் மூக்குத்திக்கும் காது நிறைய நகைக்கும் தோட்டத்தில் பஞ்சமே இல்லை. கொழும்பு ஸ்டூடியோக்காரர்கள் அதற்காகவே கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடித்து அஞ்சல் அட்டையாக விற்றார்கள். சுற்றுலாப் பயணிக்கு விற்க ஏற்ற முகம், ஆபீஸ் வரவேற்பு மேசைக்கு ஏற்காத முகமாகிவிடுகிறது.

ஊவாவில் உடம்பைத் துளைத்துக்கொள்வதைக் கேவலமாக யாரும் நினைப்பதில்லை என்பதற்குக் கதிர்காமமே சாட்சி. அதுவும் இந்த மாகாணத்திலேயே, மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. ஆடி மாதத் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்தி, முதுகில் முள் ஏற்றிக் காவடி எடுக்கிறவர்களில் ஆபீஸ்காரர்களும் இருக்கிறார்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள். திருநீறு பூசி, நாலைந்து நாளில் துளை ஆறி, வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிங்களவர்களும் எடுக்கிறார்கள். ஆறிப் போகிற துளை பக்தி; ஆறாமல் தங்குகிற கோடு மட்டும் எப்படி ஒழுங்கீனமாகும்? இதற்கு ஒருவரும் எனக்குச் சரியான பதில் சொன்னதில்லை.

மலை வேலைக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிறவளின் கையில் என்ன இருக்கிறதென்று எந்தத் துரையும் பார்க்கவில்லை. கூடையில் எவ்வளவு இருக்கிறதென்றுதான் பார்த்தார்கள். வெளியே தெரிகிற பச்சை வேலைக்குத் தடையாவதற்கு, முதலில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு வேலை ஒன்று எட்டும் தூரத்தில் வர வேண்டியிருந்தது. அது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? தோட்டப் பாடசாலைகளை 1970-களில்தான் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. மிச்சமிருந்த நாடற்ற நிலை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. அதனால் எங்கள் பக்கத்தில் உத்தியோகம் என்றாலே முதலில் டீச்சர் வேலைதான். பிறகு தபால் கந்தோர், வங்கி, ஆஸ்பத்திரி, நிதிக் கம்பனி.

முதல் தலைமுறை டீச்சர்மாரில் சிலருக்குக் கையில் பச்சை இருந்தது. சேலை கட்டி, குட்டைக் கை ரவிக்கை போட்டுக் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால், முன்னங்கை முழுவதும் வகுப்புக்குத் தெரியும். தோட்டப் பாடசாலையில் அது பிரச்சினையே இல்லை. முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் அம்மா கையிலும் அதே கோலம் இருக்கும். அதே டீச்சர் டவுன் பாடசாலைக்கு இடமாற்றம் பெற்றுப் போனபோது முழங்கை தாண்டிய ரவிக்கை தைத்துக்கொண்டார். யாரும் சொல்லி அல்ல. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் பார்த்த பார்வை போதுமாக இருந்தது.

பிறகு ஆண் பிள்ளைகளின் காலம். எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில், மலையகம் அவரை வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தது. தமிழ்நாட்டில் அவர் தன் கட்சிக்காரர்களை கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். இங்கேயும் வாலிபர்கள் அவர் பெயரைக் குத்திக்கொண்டார்கள். அந்தக் காலத்திலேயே ஊசிக் கற்றை போய் இயந்திரம் வந்துவிட்டது. அதன் மூலக் காப்புரிமையை 1891-இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் எடுத்தார். திருவிழாக் கடைத்தெருவில் பற்றரி மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரே ஊசி எத்தனை கைக்குப் போனது என்று கேட்கிற பழக்கம் அப்போது இல்லை. ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி.யும் அப்படியும் பரவலாம் என்பதால் புது ஊசியை உறையைப் பிரித்துக் காட்டச் சொல்வது அவசியம். பச்சைக்கு எதிராக யாராவது பேசினால், இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் மறுக்க மாட்டேன்.

என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு இடது முன்னங்கையில் அவன் அம்மாவின் பெயர் இருக்கிறது. அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா வீட்டு வேலைக்கு வளைகுடா போனார். அவன் உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்து நல்ல பெறுபேறு வாங்கினான். கணினிச் சான்றிதழும் இருந்தது. ஊவாவில் ஒரு நிதி நிறுவனத்துக்கு இன்டர்வியூ போனான். சிங்களமும் தமிழும் நன்றாகப் பேசுவான், கணக்குக் கேள்விகளுக்கு உடனே பதில் சொன்னான். சான்றிதழ்க் கோப்பை நீட்டுகிறபோது சட்டைக் கை ஏறிவிட்டது. "தம்பி, அது என்ன கையில?" "அம்மா பேர் சேர்" என்றான். "நல்லதுதான். ஆனா நம்ம கஸ்டமர்மாருக்கு இது சரி வராது பாருங்க." மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த நிறுவனத்தின் கஸ்டமர்கள் யார்? தோட்டத்துக்காரர்களும், கிராமத்து விவசாயிகளும், ஆட்டோ ஓட்டுகிறவர்களும்தான். அவர்களில் பலரின் தாய் தகப்பன் கையில் பச்சை இருக்கும். அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது எல்லயில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறான். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தோளிலிருந்து விரல் நுனி வரை பச்சையோடு வந்து நிற்கிறார்கள். அவன் கையைப் பார்த்து அது என்ன எழுத்து என்று கேட்கிறார்கள். பதுளை மாவட்டத்துக்குள்ளேயே, சில மைல் இடைவெளியில், ஒரே கை ஒரு மேசையில் குறையாகவும் இன்னொரு மேசையில் பேச்சுத் துணையாகவும் ஆகிறது.

எல்லா விதியையும் ஒரே கூடையில் போட நான் தயாரில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கும் சல்லடைக்கும் பக்கத்தில் நிற்பவர் வளையலும் தொங்கட்டானும் போடக்கூடாது என்றால் அது உயிருக்கும் உணவுச் சுத்தத்துக்கும் உரிய விதி. ஒரு தோட்டின் திருகாணி தேயிலைப் பொதிக்குள் விழுந்தால் கப்பலே திரும்பி வரலாம். சத்திரசிகிச்சை அறைத் தாதி மோதிரம் போடக்கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மோதிரத்துக்கு அடியில் கை கழுவப்படுவதில்லை. ஆறிப்போன பச்சை எந்த இயந்திரத்திலும் சிக்காது, எந்தக் காயத்துக்குள்ளும் விழாது. அதைத் தடுக்கிற விதி வேலையைப் பற்றியது அல்ல, பார்வையைப் பற்றியது.

உலகம் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வளைகுடாவின் எமிரேட்ஸ் விமானப் பணிப்பெண் வேலைக்குச் சீருடையில் வெளியே தெரியும் பச்சை கூடாது, ஒப்பனையாலோ கட்டாலோ மறைக்கவும் கூடாது என்கிறது. எயார் நியூசிலாந்து 2019-இல் தடையை நீக்கியது. மவோரி மக்கள் தங்கள் வம்சத்தை முகத்திலும் கையிலும் குத்திக்கொள்கிறவர்கள், சொந்த நாட்டு விமானத்தில் அவர்களுக்கே இடமில்லை என்பது அங்கே பெரிய வெட்கக்கேடாகப் பேசப்பட்டது. வேர்ஜின் அட்லாண்டிக் 2022-இல் தடையை விட்டது. இந்திய இராணுவம் முன்னங்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும் பச்சையை ஏற்கிறது. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்குக் கொடுக்கிறது. இந்த விலக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழக்கம் என்ற ஒன்று இருக்கிறது, அதைக் குற்றமாக எண்ணக்கூடாது என்று ஒரு இராணுவத்தாலேயே எழுதிவைக்க முடிந்திருக்கிறது.

இலங்கையில் சட்டம் எங்கே நிற்கிறது? அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. தோற்றம் அதில் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போட முடியும். தனியார் கம்பனி மேசைக்கு எதிராக அல்ல. நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பெரிய பச்சை வழக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்ணுடையது. 2014-இல் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்ததற்காக நயோமி கோல்மன் என்ற பிரிட்டிஷ் தாதியைக் கைது செய்து, தடுத்துவைத்து, நாட்டை விட்டு அனுப்பினார்கள். 2017-இல் அது அவருடைய உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பு வந்து, இழப்பீடும் வழங்கச் சொன்னார்கள். வேலை தேடுகிற நம் பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பால் நேரடிப் பலன் இல்லை.

பலன் தரக்கூடிய தீர்ப்பின் வழக்கு கடல் தாண்டி, ட்ரூரோ கப்பல் போய் நின்ற அதே டர்பனில் பிறந்தது. ஒரு தமிழ் மாணவி பாடசாலைக்கு மூக்குத்தியோடு போனாள். நகை கூடாது என்ற விதியைச் சொல்லிக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பெண் பிள்ளைக்கு மூக்குத்தி போடுவது பரம்பரை வழக்கம், பாட்டி செய்துவைக்கிற சடங்கு என்று தாய் மறுத்தார். முதலில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் வென்றார்கள். 2007 ஒக்டோபர் 5-இல் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், தலைமை நீதியரசர் பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பில், மாணவிக்கே சாதகமாகச் சொன்னது. மூக்குத்தி மதத்தின் கட்டாயமா இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது என்றது அந்த நீதிமன்றம். விரும்பி ஏற்றுக்கொண்ட பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நிறுவனம் தன் விதியைக் கொஞ்சம் தளர்த்தி இடம் கொடுக்க முடியுமானால் கொடுக்க வேண்டும். அங்க அடையாளப் பத்தியில் ஏறியவர்களின் வழித்தோன்றல் ஒருத்தி அதே உடம்பை முன்வைத்து வழக்காடி ஜெயித்தாள் என்பதை நான் சந்தோஷத்தோடு சொல்கிறேன்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் ஆள் எடுக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பச்சை கூடாது என்பது உங்கள் விதியானால் விளம்பரத்திலேயே எழுதுங்கள்; எந்த வேலைக்கு, எதற்காக என்றும் எழுதுங்கள். லுணுகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வருகிற பிள்ளையிடம் கடைசி நிமிஷத்தில் கையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். காரணத்தை எழுத உட்கார்ந்தால் பல விதிகள் தானாகவே கைவிடப்படும் என்று நம்புகிறேன்.

இதற்கிடையில் கைப்பச்சை இடம் மாறிவிட்டது. இப்போது குத்துகிறவர்கள் முதலில் விலையைச் சொல்வதில்லை. "வேலைக்குப் போறீங்களா? அப்ப சட்டை மறைக்கிற எடத்துல போடுவோம்" என்கிறார்கள். தோள், முதுகு, நெஞ்சு. ரவிக்கையே போடாத தலைமுறையின் முன்னங்கையில் பிறந்த கோலம், சட்டைக் கையின் நீளத்தை அளந்து மேலே ஏறியிருக்கிறது. கல்வியியற் கல்லூரியில் படிக்கிற எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் அப்பாயியின் ஐந்து புள்ளிக் கோலத்தைத் தோளுக்குக் கீழே குத்திக்கொண்டிருக்கிறாள். "அப்பாயிக்கு இருந்த எடத்துலயே போட்டிருக்கலாமே தங்கச்சி" என்று கேட்டேன். "நியமனம் வரட்டும் அக்கா, வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் இந்தக் கையில போட்டுக்கிறேன்" என்றாள். ஆசிரியர் சேவையில் தகுதிகாண் காலம் மூன்று வருஷம்.